லபுக்கலை இறக்கத்தில் ஒரு மோதல்: ஒரே காரில் இருந்த இரண்டு பிள்ளைகள்

ஒரே கார், ஒரே மோதல், ஒரே பின் இருக்கை. நாலரை வயது அக்காவுக்கு இடது தோளில் ஒரு சிவந்த கோடு விழுந்தது. இரண்டு மூன்று நாளில் அதுவும் மறைந்துவிட்டது. பதினான்கு மாதத் தம்பிக்கு இடது தொடை எலும்பு முறிந்தது, நெற்றி பெரிதாக வீங்கியிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் அந்தக் காரில் பாதுகாப்பு ஆசனம் இருந்தது. மோதிய நேரத்தில் தம்பியின் ஆசனம் காலியாக இருந்தது.

நான் மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். எலும்பு முறிந்த பிள்ளைகள் வார்ட்டில் கிடக்கும்போதும், பிளாஸ்டர் பிரித்த பிறகு திரும்ப நடக்கப் பழகும்போதும் எங்களிடம் வருவார்கள். இந்தப் பையனும் அப்படித்தான் வந்தான். பெற்றோரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை விட்டுவிட்டேன். பேபி சீட் இல்லாத வீட்டுக்கு "ஒன்று வாங்குங்கள்" என்று சொல்லிவிடலாம். இது வாங்கிய வீடு. இரண்டு பிள்ளைக்கும் செலவழித்து, விசாரித்து, பார்த்துப் பார்த்துச் செய்த வீடு. அங்கேயும் இது எப்படி நடந்தது என்பது மலை நாட்டில் கார் ஓட்டும் எல்லாக் குடும்பத்துக்கும் தெரிய வேண்டியது.

அந்தக் காலைப் பொழுது

ஜனவரி மாதம். நுவரெலியாப் பக்கம் விடியற்காலையில் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்கள். கம்பளையில் உறவுக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்குப் போவதற்காக ஐந்தரை மணிக்கே கிளம்பியிருக்கிறார்கள். கார் பழைய ஜப்பான் கார், ஐந்து பேர் இருக்கலாம். அப்பா ஓட்டினார். பக்கத்து இருக்கையில் அம்மாயி. பின்னால் இடது பக்கம் அக்கா, முதுகு சாயும் பூஸ்டர் சீட்டில், காரின் பெல்ட்டைப் போட்டபடி. வலது பக்கம் தம்பி, வாரால் கட்டும் பேபி சீட்டில். நடுவில் அம்மா.

தம்பியின் சீட் கட்டாரில் வேலை செய்யும் சித்தி கார்கோவில் அனுப்பியது. நல்ல சீட்தான், ஐரோப்பியத் தரச் சான்று ஒட்டியிருந்தது. ஒன்பது மாதம் வரை பிள்ளையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படி அதை வைத்திருந்தார்கள். பிறகு கால் இடிக்கிறது என்று முன்னோக்கித் திருப்பிவிட்டார்கள்.

கிளம்புவதற்குச் சற்று முன்புதான் பையன் ஒரு போத்தல் பால் குடித்து முடித்திருந்தான். உள்ளே பெனியன், மேலே கம்பளி ஜேர்சி, அதற்கும் மேலே பஞ்சு அடைத்த தடித்த ஜேக்கட், தலையில் காதை மூடிய தொப்பி. குளிர் உள்ளே வராமல் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது.

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பளைக்கு வருவதற்குள் 1000 மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். ஏ5 பாதையில் லபுக்கலை, இறம்பொடைப் பக்கத்து வளைவுகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லபுக்கலைக்குக் கிட்ட வரும்போது பையன் முதல் தடவை வாந்தி எடுத்தான். அம்மா துடைத்துவிட்டார். கொஞ்சத் தூரத்தில் மறுபடியும். இந்தத் தடவை வீரிட்டு அழுதான், முகம் சிவந்துவிட்டது. முன்னாலிருந்து அம்மாயி, "பிள்ளையத் தூக்கிக்கம்மா, மூச்சு முட்டிடப் போகுது" என்றிருக்கிறார். அப்பா, "கீழ ஒரு கடை வரும், அங்க நிறுத்துறேன்" என்றிருக்கிறார். அந்த இடத்தில் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். ஓரங்கட்ட இடமில்லை. அம்மா வாரைக் கழற்றிப் பையனைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த வளைவில் மரக்கறி லொறி ஒன்று அகலமாகத் திரும்பி மேலே ஏறி வந்தது. அப்பா பிரேக்கை அழுத்தி இடது பக்கம் ஒடித்தார். பாதை பனியில் நனைந்திருந்தது. கார் வழுக்கி, முன் சில்லு கானில் இறங்கி, மலைப்பக்கத்துக் கல் அணையில் மோதி நின்றது. மோதும்போது வேகம் 30 கிலோமீற்றர் அளவில் இருந்திருக்கும் என்பது அப்பாவின் கணிப்பு. காரின் முன்பக்கத்தில் இருந்த சேதத்துக்கும் அது பொருந்துகிறது.

பையன் அம்மாவின் கையிலிருந்து பறந்து, முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே போய், கியர் கம்பியும் கைப்பிரேக்கும் இருக்கும் மேட்டில் விழுந்தான். அம்மா முன் இருக்கைகளின் முதுகில் மோதியதில் புருவம் கிழிந்தது, விலா எலும்பில் வலி. பெல்ட் போட்டிருந்த அப்பாவுக்கும் அம்மாயிக்கும் நெஞ்சில் கன்றியதோடு சரி. அக்கா அழக்கூட இல்லையாம். எல்லாரும் அழுததைப் பார்த்துப் பிறகுதான் அழுதிருக்கிறாள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. தலைக்கு ஸ்கேன் எடுத்ததில் உள்ளே இரத்தக் கசிவு இல்லை. அது பெரிய ஆறுதல். தொடை எலும்பின் நடுத்தண்டு முறிந்திருந்தது.

காயத்தின் நீளம்

"பச்சைப் பிள்ளை எலும்பு, சீக்கிரம் கூடிடும்" என்று சொல்வார்கள். உண்மைதான், கூடும். ஆனால் அந்த இடைப்பட்ட நாட்கள் எப்படி இருக்கும் என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை. அதனால் சொல்கிறேன்.

இந்த வயதில் தொடை எலும்பு முறிந்தால் பல இடங்களில் முதலில் இரண்டு கால்களையும் மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். பிள்ளை மல்லாந்து கிடக்கும், கால் இரண்டும் கூரையைப் பார்க்கும், இடுப்பு மெத்தையில் பட்டும் படாமலும் இருக்கும். பதினான்கு மாதப் பிள்ளை நடக்கத் தொடங்கி நாலைந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதைக் கட்டிலோடு கட்டி வைத்தால் எப்படி இருக்கும்? இரவெல்லாம் அம்மா கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டே இருந்தார். புருவத்துத் தையலோடு.

பிறகு நெஞ்சிலிருந்து கணுக்கால் வரை இடுப்புப் பிளாஸ்டர் போட்டார்கள். கால் இரண்டும் அகன்றபடி விறைத்து நிற்கும். இடையில் நெப்பி மாற்றுவதற்கு ஒரு வெட்டு மட்டும். அப்படி இருக்கும் பிள்ளையைச் சாதாரண பேபி சீட்டில் உட்கார வைக்க முடியாது. அதற்கென்று அகலமாகச் செய்த ஆசனங்கள் வெளிநாடுகளில் இருக்கின்றன, எங்கள் கையில் இல்லை. வீட்டுக்குப் போகும் நாளில் எங்களால் முடிந்தது, பகல் வெளிச்சத்தில், அம்புலன்ஸ் படுக்கையில் பட்டி போட்டு அனுப்பியது மட்டும்தான். மோதலில் காயப்பட்ட பிள்ளை, காயத்தின் காரணமாகவே அடுத்த பயணத்தில் பாதுகாப்புக் குறைந்து போனான். இதை அன்று என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. இரண்டு காலும் ஒரே நீளத்தில் வளர்கிறதா என்று பார்க்க இன்னும் சில தடவை கிளினிக்குக்கு வர வேண்டும். முறிந்த கால் சில மில்லிமீற்றர் கூடுதலாக வளர்வது பிள்ளைகளிடம் காணக்கூடியதுதான்.

"மெதுவாத்தானே போனோம்"

வார்ட்டில் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது இது. மலையில் எல்லாரும் சொல்வதும் இதுதான். கொழும்புக்குப் போகும் அதிவேகப் பாதையில் பெல்ட் போடுவோம், இங்கே இருபதிலும் முப்பதிலும் ஊர்ந்து போகும்போது என்ன என்ற நினைப்பு.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீற்றர் என்பது நொடிக்கு 8.3 மீற்றர். அந்த வேகத்தில் போய் மோதுவது மூன்றரை மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கார் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு உடம்பும் தன் எடையைப் போல எட்டரை மடங்கு பலத்தோடு முன்னே இழுபடும். பையனின் எடை 9.4 கிலோ. அம்மாவின் கையில் அந்த நேரத்தில் இழுத்தது ஏறக்குறைய 80 கிலோ. ஒரு பெரிய ஆளின் பாரத்தை, முன்னறிவிப்பே இல்லாமல், கண் இமைக்கிற நேரத்தில், எந்தத் தாயின் கையாலும் பிடித்து வைக்க முடியாது. இதை நான் அந்த அம்மாவிடம் முதலில் சொன்னேன். கொழுந்து பறித்துப் பழகிய கை என்றாலும், மூட்டை தூக்கிப் பழகிய கை என்றாலும் முடியாது. பிள்ளை நழுவியது பிடி தளர்ந்ததால் அல்ல.

அவர் கேட்ட அடுத்த கேள்வி, "நான் பெல்ட்டைப் போட்டு, பிள்ளையையும் சேர்த்துக் கட்டியிருந்தா?" நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள். அது இன்னும் மோசம். 55 கிலோ எடையுள்ள அம்மா அந்த மோதலில் 450 கிலோவுக்கு மேல் பலத்தோடு முன்னே தள்ளப்படுவார். பெல்ட்டுக்கும் அம்மாவுக்கும் நடுவே பிள்ளை நசுங்கும். ஒரு பெல்ட் ஒரு ஆளுக்குத்தான்.

மலைப் பாதையின் பெரிய விபத்துகள் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2023 ஜனவரி 20இல் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே 11இல் இறம்பொடை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படியான நாட்களில்தான் நாம் பாதைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம். இந்தக் குடும்பத்துக்கு நடந்தது போன்றவை எந்தச் செய்தியிலும் வராது. கார் பள்ளத்தில் விழவில்லை, யாரும் சாகவில்லை, முன் பம்பர் நெளிந்தது, அவ்வளவுதான். ஆனால் பேபி சீட்டால் முழுதாகத் தடுத்திருக்கக்கூடிய காயங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட மோதல்களில்தான் இருக்கின்றன. அக்காவின் தோளில் இருந்த சிவந்த கோடு அதற்குச் சாட்சி.

ஜேக்கட்

பிளாஸ்டர் பிரித்துப் பையன் கொஞ்சம் தேறிய பிறகு, புது சீட்டைக் கொண்டு வாருங்கள், மாட்டிப் பார்ப்போம் என்று சொன்னேன். பழையதை அவர்கள் திரும்பப் பயன்படுத்தவில்லை. மோதிய காரில் இருந்த சீட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், உள்ளே வெடித்திருக்கலாம். காரில் யாருக்காவது காயம் பட்ட மோதல் என்றால் மாற்றிவிடுவதுதான் சரி.

அன்று காலையில் போட்டிருந்த அதே ஜேக்கட்டைப் பையனுக்குப் போடச் சொன்னேன். புது சீட்டில் உட்கார வைத்து வாரை இறுக்கினோம். தோள் எலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு கையில் வரக்கூடாது, அதுதான் அளவு. மடிப்பு வரவில்லை. சரி, நன்றாக இறுகியிருக்கிறது என்றார் அப்பா. பிறகு வாரின் நீளத்தைக் கொஞ்சமும் மாற்றாமல், பக்கிளை மட்டும் கழற்றி, ஜேக்கட்டை எடுத்துவிட்டு, திரும்ப மாட்டினோம். வாருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவே என் நான்கு விரலை அடுக்கி நுழைக்க முடிந்தது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

மோதும்போது ஜேக்கட்டில் இருக்கும் பஞ்சும் காற்றும் ஒரு கணத்தில் அமுங்கிவிடும். இறுக்கமாகத் தெரிந்த வார் உண்மையில் அத்தனை தளர்வு. பிள்ளை அந்த இடைவெளி முழுவதும் முன்னே பாய்ந்துதான் வாரில் மோதும். தோள் வாருக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வெளியே வரவும் கூடும். அன்று காலை பையனை மடிக்கு எடுக்காமல் விட்டிருந்தாலும் சீட் செய்ய வேண்டிய வேலையில் பாதியைத்தான் செய்திருக்கும்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இந்தப் பிரச்சினை அவ்வளவு இல்லை. இது நம்முடைய பிரச்சினை. பொகவந்தலாவையிலும் அக்கரப்பத்தனையிலும் விடியற்காலையில் பிள்ளையை வெளியே எடுக்கிற எந்தத் தாயும் போர்த்தாமல் எடுக்க மாட்டார். குளிர் ஏறிச் சளி பிடித்தால் பிள்ளைக்கு இழுக்கும் என்ற பயம் வெறும் பயமல்ல. அதனால் "ஜேக்கட் போடாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒழுங்கை மாற்ற வேண்டும். உடம்பை ஒட்டிய மெல்லிய உடுப்பு இரண்டு மூன்று போடுங்கள். மெல்லிய கம்பளி ஜேர்சி பரவாயில்லை. சீட்டில் உட்கார வைத்து வாரை உடம்போடு இறுக்குங்கள். அப்புறம் போர்வையை வாருக்கு மேலே போர்த்துங்கள். ஜேக்கட்டையே முன்பக்கமாகக் கையை நுழைத்து மேலே போட்டுவிட்டாலும் சரி. கார் சூடானதும் அதை எடுத்துவிடலாம், வாரைத் தொட வேண்டியதில்லை. வாசலிலிருந்து கார் வரை போர்வையில் சுற்றித் தூக்கிப் போங்கள். வாருக்கு அடியில், முதுகுக்குப் பின்னால், எதையும் வைக்க வேண்டாம். அதோடு, சீட்டுடன் வராத தலையணையும் மெத்தையும் வேண்டாம்.

ஜேக்கட்டும் ஏற்றிய கண்ணாடியும் சேர்ந்து பையனை வெக்கையில் வைத்திருந்தன. வாந்திக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

வாந்தி

இந்த நிகழ்வின் மையம் என்று நான் நினைப்பது இதைத்தான். பிள்ளை சீட்டிலிருந்து வெளியே வந்தது கவலையீனத்தால் அல்ல, பிள்ளைக்கு மூச்சடைக்கும் என்ற பயத்தால். மலைப் பாதையில் வாந்தி வராத குடும்பமே இல்லை. ஆகவே வாந்திக்குப் பதில் சொல்லாத பேபி சீட் அறிவுரை மலை நாட்டில் முதல் வளைவிலேயே தோற்றுப்போகும்.

முதலில் அந்தப் பயம். விழித்திருக்கிற ஒரு வயதுப் பிள்ளை, அரைச் சாய்வில் உட்கார்ந்தபடி வாந்தி எடுத்தால், தலையைத் திருப்பும், இருமும், துப்பும். அதற்கு அந்தத் திறமை இருக்கிறது. அழுது கொண்டிருக்கிறது என்றால் மூச்சு போய் வருகிறது என்று பொருள். பக்கத்தில் இருப்பவர் குனிந்து வாயைத் துடைத்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் போதும். அழுக்கு ஆகும், மணக்கும், மனது பதறும். ஆனால் சில்லு உருண்டுகொண்டிருக்கும் வரை வார் கழறக்கூடாது. உண்மையிலேயே மூச்சு அடைத்து, சத்தம் வராமல், நிறம் மாறினால் காரை எங்கே என்றாலும் உடனே நிறுத்தி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுத்தான் பிள்ளையை எடுக்க வேண்டும்.

அடுத்தது, வாந்தியைக் குறைப்பது. இரண்டு வயதுக்கு முன் பயண வாந்தி பொதுவாகக் குறைவு. பள்ளிக்கூட வயதில்தான் அது கூடும். இந்தப் பையனுக்கு வந்ததற்கு முக்கியமான காரணம் வயிறு நிறையப் பால் குடித்த கையோடு வளைவுகளில் இறங்கியது என்றுதான் நினைக்கிறேன். பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாலைக் கொடுத்து முடித்திருக்கலாம், வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்திருக்கலாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதும் உதவும். சாரதி வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை மிதிக்காமல் சின்னக் கியரில் இறங்கினால் எல்லார் வயிற்றுக்கும் நல்லது, பிரேக்குக்கும் நல்லது.

மருந்தைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வாந்திக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளில் ப்ரோமெதசின் இருக்கலாம். பெரியவர்களுக்கு வாங்கியதில் கால் துண்டை உடைத்துக் கைப்பிள்ளைக்குக் கொடுக்கிற பழக்கம் இருக்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சை அமுக்கிவிடும்.

நிறுத்த இடமில்லை என்பதுதான் அன்றைய உண்மையான சிக்கல். அதற்கு அப்பா ஒரு நல்ல வேலை செய்தார். தான் வழக்கமாகப் போகும் பாதையில் காரை முழுதாகப் பாதைக்கு வெளியே விடக்கூடிய இடங்களை எழுதி, காரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். லபுக்கலை தேயிலை நிலையத்து முகப்பு, இறம்பொடை அனுமார் கோயிலுக்குத் திரும்பும் இடம், புசல்லாவை டவுன் என்று வரிசையாக. பிள்ளைக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் இவற்றில் ஒரு இடத்தில் நிறுத்தி எல்லாரும் இறங்கி மூச்சு விடுகிறார்கள். அடுத்த இடம் எங்கே என்று தெரிந்தால் அதுவரை பொறுக்க அம்மாவுக்கும் மனது வரும். இவ்வளவு எளிதான ஒன்றை நான் எந்த வழிகாட்டியிலும் பார்த்ததில்லை. என்னிடம் வரும் பெற்றோருக்கெல்லாம் இப்போது இதைச் சொல்கிறேன்.

எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்

ஒன்பது மாதத்தில் முன்னோக்கித் திருப்பியது தவறு. அந்தச் சீட்டில் ஒட்டியிருந்த பழைய ஐரோப்பிய விதி, 9 கிலோவுக்குக் குறைந்த பிள்ளையை முன்னோக்கி வைக்க அனுமதிப்பதில்லை. திருப்பிய நாளில் பையன் 8 கிலோ. புதிய விதியான ஆர்129, எடை எவ்வளவு இருந்தாலும் 15 மாதம் முடியும் வரை பின்னோக்கித்தான் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல், சீட் தாங்கும் எடையையோ உயரத்தையோ எட்டும் வரை பின்னோக்கியே வைக்கச் சொன்னது.

காரணம் கழுத்து. கைப்பிள்ளையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது, கனமானது. கழுத்து எலும்புகள் இன்னும் பாதி குருத்தெலும்பு. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் உடம்பை வார் பிடித்துவிடும், தலை மட்டும் பாயும், எல்லாப் பாரமும் கழுத்தில் விழும். பின்னோக்கி உட்கார்ந்தால் சீட்டின் முதுகு தலை, கழுத்து, முதுகு எல்லாவற்றையும் ஒன்றாகத் தாங்கும்.

கால் இடிக்கிறது என்பதற்காகத் திருப்ப வேண்டாம். பிள்ளைகள் காலை மடித்து, சப்பணம் போட்டு, இருக்கை முதுகில் தூக்கி வைத்து வசதியாக இருந்துகொள்வார்கள். மலையகப் பிள்ளைகளில் பலர் எடை குறைவு. வயதைப் பார்த்துத் திருப்பாமல் எடையையும் உயரத்தையும் பார்க்க வேண்டும் என்பது இங்கே கூடுதல் முக்கியம். அதற்குத் தராசு தேட வேண்டாம். மிட்வைஃப் மிஸ் ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறுத்துப் பதிவேட்டில் எழுதித் தருகிறார். சீட்டின் லேபிளையும் அந்தப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். பின்னோக்கிய சீட்டை எயார்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக்கூடாது.

அக்கா ஏன் தப்பினாள்

அவளுக்கு 103 சென்ரிமீற்றர் உயரம், 16 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பூஸ்டர் சீட் செய்வது ஒரே ஒரு வேலை: பிள்ளையை உயர்த்தி, பெரியவர்களுக்கென்று செய்த பெல்ட்டைச் சரியான எலும்புகளில் விழ வைப்பது. கீழ்ப் பட்டி தொடைக்கு மேலே இடுப்பெலும்பில், மேல் பட்டி தோளின் நடுவில். பூஸ்டர் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் கீழ்ப் பட்டி வயிற்றில் ஏறியிருக்கும். அப்படிப் போனால் குடலும் ஈரலும் கிழியும், முதுகெலும்பும் முறியும். மேல் பட்டி கழுத்தை அறுக்கும் என்பதால் பிள்ளைகள் அதைக் கக்கத்துக்குக் கீழே தள்ளிவிடுவார்கள், அப்போது மேல் உடம்புக்குப் பிடிமானமே இல்லை. அக்காவுக்கு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அவள் ஏன் கழற்றச் சொல்லி அடம்பிடிக்கவில்லை என்று கேட்டேன். "உசரமா இருந்தா அருவி தெரியும்" என்றாள். பூஸ்டரில் இருந்தால்தான் அவளுக்கு ஜன்னல் வழியே வெளியே தெரியும். 135 சென்ரிமீற்றர் வரும் வரையாவது அதில்தான் இருக்க வேண்டும், அது பத்துப் பதினொரு வயதுக்குக் கிட்டப் போகும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

சீட் கவருக்கு அடியில் போன பக்கிள்

அம்மா பெல்ட் போடவில்லை. ஏன் என்று காரைப் பார்த்தபோது விளங்கியது. நடு இருக்கையின் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்திருந்தது. கார் வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் வெளியே எடுத்ததில்லை. நம் ஊரில் பாதிக் கார்கள் இப்படித்தான். முன் இருக்கையில் சாரதிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் 2011 ஒக்டோபரிலிருந்து பெல்ட் கட்டாயம், பொலிஸ் பார்க்கும், அதனால் போடுகிறோம். பின்னால் யாரும் பார்ப்பதில்லை. பெல்ட் போடாமல் பின்னால் இருக்கும் பெரியவர் மோதலில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை மேலேயும் முன்னால் இருப்பவர் மேலேயும் பாய்வார். அந்த அம்மா பையன் மேலே விழாமல் போனது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேபி சீட் கைப்பிள்ளைகளின் சாவை 71 சதவீதம் வரை குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியாகப் பொருத்திய சீட்டுக்குத்தான் அந்தக் கணக்கு. கார் பெல்ட்டால் கட்டிய சீட்டை, பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது. சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரத்தைப் போட்டு பெல்ட்டை இழுத்தால்தான் அந்த இறுக்கம் வரும்.

சொந்தக் கார் இல்லாத வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் இந்த ஆய்வு பாதிப் பேருக்குப் பயன்படாது. தோட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஆட்டோவிலும் வாடகை வேனிலும்தான் போகிறார்கள். ஆட்டோவில் பேபி சீட்டைப் பாதுகாப்பாகக் கட்ட வழியில்லை. தூரப் பயணத்துக்குப் பிள்ளையோடு ஆட்டோவைத் தவிர்ப்பதைத் தவிர வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. வேன் என்றால் செய்ய நிறைய இருக்கிறது. வேன் பேசும்போதே "பின்னால பெல்ட் வேலை செய்யுமா அண்ணே" என்று கேளுங்கள். பெல்ட் உள்ள இருக்கைகளைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். உறவுக்குள் ஒரு சீட் இருந்தால், அது மோதலில் அகப்படாதது, வாரும் பக்கிளும் சரியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால், மாறி மாறிப் பயன்படுத்துங்கள்.

இந்தக் குடும்பத்தின் கார் கராஜில் இருந்த நாட்களில் அவர்களை கிளினிக்குக்கு ஏற்றி வந்த வேன் சாரதி ஒருவர், நாங்கள் சீட்டை மாட்டிப் பார்த்ததை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக் நாளில் வந்தபோது தன் வேனின் சீட் கவர்களில் ஓட்டை வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, எல்லாப் பக்கிள்களையும் வெளியே எடுத்து வைத்திருந்தார். இரண்டு பெல்ட் சுருளில் சிக்கிக் கிடந்ததாம், அதையும் திருத்தியிருக்கிறார். கவருக்குத் தையல் கூலியைத் தவிரச் செலவில்லை என்றார்.